தூணுக்குப் பின்னாலிருந்து சலாம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊருக்கே தெரிந்ததை மறைத்து என்ன செய்ய? கடையநல்லூரில் எங்கள் தெருவில் யார் வீட்டில் இன்றைக்கு என்ன ஆணம், என்ன குழம்பு என்பது, அந்த வீட்டு அடுப்புக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். பத்து வயதில் உம்மாவோடு ஒரு பெண்கள் பயானுக்குப் போனேன். மார்க்கக் கல்வி முடித்த ஓர் ஆலிமா மைக்கைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் மார்க்கம் பேசினார். கூட்டத்தில் ஒருத்தராவது குறுக்கே வாயைத் திறக்க வேண்டுமே! நமக்கு ஏற்ற வேலை இதுதான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

பதினான்கு வயதில் சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் மதரசாவில் சேர்ந்தேன். அங்கேயே தங்கி ஐந்து வருடம் ஓத வேண்டும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தனியாகப் பரீட்சை எழுதிக்கொள்ளலாம். வாப்பா சவூதியில் இருந்தார், அவருக்குச் சம்மதம். உம்மாவுக்குத்தான் மனசில்லை. ஒரே பெண்ணையும் அனுப்பிவிட்டு வெறும் வீட்டில் அவள் யாரோடு பேசுவாள்? கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டாள்.

"போறதுன்னா போ. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அங்கன உக்காந்து நீ அழுதேன்னு எனக்குத் தெரிஞ்சுது, அன்னிக்கே வந்து கூட்டிட்டு வந்துருவேன். பொறவு உங்க வாப்பா சொன்னாலும் அனுப்ப மாட்டேன்."

என் உம்மா சொன்னதைச் செய்கிறவள். அழுகிற பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அதில் வஞ்சகம் ஒன்றும் கிடையாது. ஆனால் எனக்கு அது கழுத்தில் கத்தி. முதல் வருடம் முழுக்க நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சோற்றில் பல்லி விழுந்த அன்றுகூடச் சிரித்துக்கொண்டே பட்டினி கிடந்தேன்.

இரண்டாம் வருடத்தில் என் வாயே எனக்கு வினையானது.

எங்கள் ரூமில் எட்டுப் பேர். மதரசா மொத்தத்துக்கும் அறுபது பேருக்குமேல் இருப்போம். விடிகாலை சுபுஹு தொழுகைக்கு எல்லோரும் கீழே ஹாலுக்கு இறங்கிவிட வேண்டும். மாதத்தின் அந்த நாட்களில் இருக்கிறவர்களுக்குத் தொழுகை இல்லை. அவர்கள் மட்டும் ரூமிலேயே ஆறு மணிவரை படுத்திருக்கலாம். தொழுது முடிந்ததும் எங்கள் தலைமை ஆசிரியை ரூம் ரூமாகக் கணக்குக் கேட்பார். அவரை நாங்கள் பெரிய ஆலிமா என்போம். அன்று எங்கள் ரூமுக்குப் பதில் சொல்லும் முறை என்னுடையது. எனக்கு எதிர்க் கட்டிலில் படுக்கும் பெண் எழுந்திருக்கவில்லை, தனக்குத் தொழுகை இல்லை என்று சொல்லிவிட்டாள். அதை அப்படியே சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

"ஒரு ஆளு, ஆலிமா. எதிர்க் கட்டில்காரி. போன வாரத்துக்கு முந்துன வாரமும் அவளுக்குத் தொழுகை இல்ல. மாசத்துக்கு ரெண்டு தடவ வரும் போல!"

ஹாலே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏழு மணிக்கு எதிர்க் கட்டில்காரி காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தாள். வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். எதற்கு என்று தெரியாமல் அவளும் எல்லோரோடும் சேர்ந்து லேசாகச் சிரித்தாள். அந்த முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரிய ஆலிமா அவளைக் கூப்பிட்டார், தொழுகை இல்லை என்றது பொய் என்று தெரிந்துவிட்டது. அவர் அடிக்கிறவர் இல்லை. தவறவிட்ட சுபுஹுகளை எல்லாம் ஒரு வாரம் ஹாலில் முன்வரிசையில் நின்று திருப்பித் தொழச் சொன்னார். அதாவது அறுபது பேர் பார்க்க.

அன்றிலிருந்து ரூமில் என்னோடு யாரும் பேசவில்லை.

சும்மா ஏனோதானோ என்று பேசாமல் இருக்கவில்லை. நாங்கள் மார்க்கம் படிக்கிற பிள்ளைகள், எதையும் சட்டப்படி செய்வோம். ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமோடு மூன்று நாளுக்குமேல் பேசாமல் இருக்கக் கூடாது என்பது எங்கள் பாடம். எங்கள் ரூமில் புளியங்குடிக்காரி ஒருத்தி இருந்தாள். சட்டம் என்றால் அவள்தான். அவளே நாளைக் கணக்குப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்த பேசாமை, செவ்வாய்க்கிழமை அந்தி மஃரிப் தொழுகையோடு முடிவுக்கு வந்தது. ஏழு பேரும் வரிசையாக என் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். சாப்ட்டியா?" என்றாள் புளியங்குடிக்காரி.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "வ அலைக்குமுஸ்ஸலாம். சாப்ட்டேன் மக்கா. நீங்க?" என்று எழுந்தேன். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. சலாம் சொல்லியாயிற்று, மூன்று நாள் கணக்குத் தீர்ந்தது. அடுத்த மூன்று நாள் அந்த நிமிடத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டது! இப்படியே போனால் ஐந்து வருடமும் ஒரு பாவமும் சேராமல் என்னோடு பேசாமல் இருந்துவிடலாம். இந்த யோசனை எங்களைப் போன்ற மதரசாப் பிள்ளைகளைத் தவிர உலகத்தில் யாருக்கும் வராது.

பேசியே வாழ்ந்தவளுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. பின்பக்கத் தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்காவது ஏதாவது பதில் சொல்லலாமா என்றிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரியாணி. எங்கள் வழக்கப்படி சஹன் என்கிற பெரிய தட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். ரூமுக்கு இரண்டு சஹன். அன்று ஏழு பேரும் ஒரே சஹனைச் சுற்றி இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள். நாலு பேர் பிரியாணி என் ஒருத்திக்கு. எலும்பில்லாத நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் பார்த்துத் தின்றிருக்கலாம், ஒரு பிடி இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்குப் போன். வார்டன் போனில், ஸ்பீக்கரில், ஆளுக்கு மூன்று நிமிடம். வரிசையில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நிற்போம். எப்படி இருக்கிறாய் என்று வீட்டில் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: அல்லாஹ்வைப் புகழ்ந்து ஓர் அல்ஹம்துலில்லாஹ், பிறகு நல்லா இருக்கேன். காய்ச்சலோடு நிற்கிறவளும் அதைத்தான் சொல்வாள். குறை சொன்னால் அல்லாஹ்வுக்கு நன்றி கெட்டவள் ஆகிவிடுவோம் என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு. யாரும் அப்படிச் சொல்லித் தந்ததில்லை, நாங்களாக எடுத்துக்கொண்டது.

"என்னட்டி, தொண்ட கம்முது?" என்றாள் உம்மா.

"ஐஸ் தண்ணி குடிச்சேம்மா. அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்."

"வாப்பா புதன்கெழம லீவுல வாராங்க. அடுத்த வெள்ளி ரெண்டு பேரும் ஒன்ன நேர்ல பாக்க வாரோம்" என்று வைத்துவிட்டாள்.

உம்மா வந்து ரூமில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், ஏழு பேரும் என்னோடு பேசுவதில்லை என்று மோப்பம் பிடித்துவிடுவாள். என் மூஞ்சியைப் பார்த்தால் அதுகூட வேண்டாம். பெட்டியைக் கட்டு என்பாள். மைக்கும் போயிற்று, பயானும் போயிற்று. கையில் இருந்தது ஒரே ஒரு வாரம்.

மறுநாள் வகுப்பில் சலாம் பாடம் வந்தது. சலாம் சொல்வது நல்ல காரியம், ஆனால் பதில் சொல்வது கட்டாயக் கடமை. பதில் சொல்லாவிட்டால் பாவம். ஒருதடவை சலாம் சொன்ன ஆளை மறுபடி எப்போது பார்த்தால் திரும்பச் சொல்லலாம் என்று ஆலிமா கேட்டார். புளியங்குடிக்காரி டக்கென்று எழுந்து, இருவருக்கும் நடுவில் ஒரு மரமோ சுவரோ வந்து மறைத்துவிட்டாலே மறுபடி சொல்லலாம் என்றாள். ஆலிமா மாஷா அல்லாஹ் சொன்னார். நான் மனதுக்குள் அதைவிடப் பெரிதாகச் சொன்னேன்.

எங்கள் ஹாலில் ஆறு தூண்கள்.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் புளியங்குடிக்காரிக்கு நேராகப் போய் முழு சலாம் சொன்னேன். வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு வரைக்கும். குறைத்துப் பதில் சொல்லவும் வழியில்லை, சொன்ன அளவுக்காவது திருப்பிச் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு முழுப் பதிலும் சொன்னாள். நான் தூணுக்குப் பின்னால் போனேன். வந்தேன். "அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு." முறைத்தாள், பதில் சொன்னாள். அடுத்த தூண். மறுபடியும்.

இப்படி நாலு நாள். ரூம் கதவுக்கு வெளியே போவேன், உள்ளே வருவேன். அலமாரிக் கதவைத் திறந்து பின்னால் நின்றுகொண்டு எட்டிப் பார்ப்பேன். கொடியில் காயும் போர்வைக்கு அந்தப் பக்கம் போய்வருவேன். போர்வை சுவராகுமா என்று இரண்டு பேருக்குச் சந்தேகம். சந்தேகத்தில் பாவம் வந்துவிடக் கூடாதே என்று பதில் சொல்லிவிட்டார்கள். என்னைக் கண்டு ஓடி ஒளிந்தால் நடுவில் இன்னொரு சுவர் வந்துவிடும், எனக்கு இன்னொரு சலாம்.

அவர்களும் சளைத்தவர்கள் இல்லை. கக்கூஸில் இருக்கிறவருக்கு சலாம் சொல்லக் கூடாது, எனவே என் தலை தெரிந்தால் கூட்டமாக அங்கே ஓடினார்கள். ஓதிக்கொண்டிருப்பவருக்கும் சொல்லக் கூடாது, எனவே நான் ரூமுக்குள் கால் வைத்ததும் ஆறு பேர் ஒரே குரலில் ஓத ஆரம்பித்தார்கள். அந்த வாரம் முழு மதரசாவிலும் நன்றாக ஓதுகிற ரூம் எங்களுடையது என்று பெரிய ஆலிமா பாராட்டினார். புதன்கிழமை சாயங்காலம் கக்கூஸ் கதவு திறக்கும்வரை காத்திருந்து, புளியங்குடிக்காரி ஒரு காலை வெளியே வைத்ததும் ஆரம்பித்தேன். அவள் வாளியைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஏட்டி, ஒனக்குப் புண்ணியமா போவும், நிறுத்து! பேசித் தொலைக்கேன். பேசித் தொலைக்கேன்!"

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜெயித்துவிட்டேன்! வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் மீதி வைத்து ஜெயித்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டில் நான் பேசிய பேச்சில் யாருக்கும் ரசம் ஊற்றக்கூட இடைவெளி கிடைக்கவில்லை.

எதிர்க் கட்டில்காரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முதல் நாளிலிருந்தே ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. ஒவ்வொரு சலாமுக்கும் நின்று மெதுவாகப் பதில் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். மாடிக்கு அதற்கு மட்டும்தான் விடுவார்கள். நானும் பின்னால் போனேன். சலாம் சொல்ல வாயைத் திறந்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ எத்தன தடவ சொன்னாலும் நான் பதில் சொல்லுதேன். ஆனா அன்னிக்கு நீ என்னப் பத்திச் சொன்னதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அவள் தாவணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "எனக்குத் தூக்கம் வராதுட்டி. இங்கன வந்த நாள்ல இருந்து. புரண்டு புரண்டு கெடப்பேன். பாங்கு சொல்ற நேரத்துக்குத்தான் கண்ணு சொருகும். எந்திரிக்க முடியாது. தூக்கம் வரலன்னு சொன்னா, திக்ரு செய்யி, அல்லாஹ் பேரச் சொல்லிட்டே படு, வரும்பாங்க. செஞ்சும் வரலன்னா ஈமான் இல்ல, நம்பிக்க கொறவுன்னு ஆயிரும். தொழுகை இல்லன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதான்."

"வீட்ல சொன்னியா?"

"ஸ்பீக்கர்ல என்னத்தச் சொல்ல? அல்ஹம்துலில்லாஹ்னு சொன்னேன்."

அவள் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் மூன்று அடி. மூன்று அடியில் ஒருத்தி மாதக்கணக்கில் தூங்காமல் கிடந்திருக்கிறாள். தெரு முழுக்க ஆணம் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை. தூணைச் சுற்றி ஓடி நான் ஜெயித்ததெல்லாம் அந்த இடத்திலேயே கசந்துபோனது. என்மேல் எனக்கு வந்த கோபத்தில் அவள் துணிகளையும் சேர்த்து நானே மடித்தேன். மாப்புக் கேட்டேன். தலையாட்டினாள். ஆனால் அது போதாது என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. சிரித்தவர்கள் அறுபது பேர். மாடியில் இருந்தது நாங்கள் இருவர்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எங்களுக்குப் பயான் பயிற்சி. வாரம் ஒருத்தி மைக்கில் பேச வேண்டும், பார்க்க வந்திருக்கும் தாய்மார்களும் பின்னால் உட்கார்ந்து கேட்பார்கள். அந்த வாரம் என் முறை. ஒரு மாதத்துக்கு முன்பே தந்திருந்த தலைப்பு, நாவைப் பேணுதல். பெரிய ஆலிமா வேண்டுமென்று கொடுக்கவில்லை, பட்டியலில் அப்படி வந்து விழுந்தது. நான் பத்துப் பக்கம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மேடையில் ஏறியதும் கடைசி வரிசையில் உம்மாவைப் பார்த்தேன். கடையநல்லூரில் முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறாள். ஆண்கள் உள்ளே வர முடியாது, வாப்பா வாசலில் ஆபீஸில் உட்கார்ந்திருப்பார். அங்கேயும் ஒரு ஸ்பீக்கர் பெட்டி உண்டு.

மனப்பாடம் செய்ததைச் சொன்னால் பாராட்டு. அப்படியே உம்மாவை ரூமுக்குக் கூட்டிப் போய்ச் சிரித்த முகங்களைக் காட்டிவிட்டால் இன்னும் மூன்று வருடம் எனக்குக் கவலையில்லை. நான் எதிர்க் கட்டில்காரியைத் தேடினேன். சுவரோரமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சலாம் சொல்லி ஆரம்பித்தேன். பத்துப் பக்கமும் எங்கேயோ போய்விட்டன.

"நாவப் பேணுறது பத்திப் பேச எனக்குத் தகுதி இல்ல. போன வாரம் இதே ஹால்ல ஒருத்தியச் சொல்லி உங்க எல்லாரையும் நான் சிரிக்க வச்சேன். அவ ஏன் எந்திரிக்கலன்னு ஒரு வார்த்த கேக்கல. எதிர்க் கட்டில்ல கெடந்தும் கேக்கல. சிரிச்ச நீங்களும் கேக்கல. எல்லாரு முன்னாலயும்தான் அவள அசிங்கப்படுத்துனேன், அதனால எல்லாரு முன்னாலயும் மாப்புக் கேக்கேன்."

இந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. ஒன்றரை வருடமாகச் சேர்த்து வைத்தது, மைக்கில் வந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் நாலு ஸ்பீக்கர் பெட்டியிலும் கேட்டது. உம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், எல்லாம் முடிந்தது என்று தெரிந்தது. முடிந்தால் முடியட்டும் என்று முந்தானையால் துடைத்துத் துடைத்து மேலே பேசினேன். வெள்ளிக்கிழமை போனில் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுக் கக்கூஸில் போய் அழுகிறவர்கள் எத்தனை பேர், நம்மிடம் ஒருத்தி எப்படி இருக்கே என்று கேட்டால் நிஜத்தைச் சொன்னால் என்ன, வலிக்கிறது என்று சொல்வது எப்படி நன்றி கெட்டதனம் ஆகும் என்று கேட்டுக்கொண்டே போனேன். முழுசாகப் பேசி முடித்துத்தான் இறங்கினேன்.

எதிர்க் கட்டில்காரி எழுந்தாள். மேடைக்கு வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, மைக் இல்லாமல் சொன்னாள். "ஆலிமா, நான் பொய் சொன்னது தப்புதான். எனக்குத் தூக்கம் வரல. அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை. பெரிய ஆலிமா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வேற யாருக்கும் அப்படி இருக்கா?" என்றார். பிறகு புளியங்குடிக்காரி, என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, கையைத் தூக்கினாள். அவளா! அவளுக்குப் பின்னால் இன்னும் சில கைகள் எழுந்தன.

அதற்கடுத்த வாரமே போனில் ஸ்பீக்கர் நின்றது. அஸருக்குப் பிறகு மாடியைத் திறந்துவிட்டார்கள். சுற்றிலும் தகரம் அடித்து, ரிங் பால் வாங்கிப் போட்டார்கள். கத்திக் கத்தி விளையாடினோம். எதிர்க் கட்டில்காரியைப் பெரிய ஆலிமாவே டாக்டரிடம் அழைத்துப்போனார். அவளுக்கு ஒரே நாளில் தூக்கம் வந்துவிடவில்லை, மூன்று நாலு மாதம் ஆனது. தூக்கம் வராத நாட்களை அவள் எங்களிடம் சொன்னாள், நாங்கள் அவளைப் பகலில் படுக்கவிட்டோம். இன்றைக்கு அவள் நாலு ஊர் தள்ளி ஒரு மதரசாவில் ஆலிமா. அங்கே பிள்ளைகளிடம் முதலில் கேட்பது பாடத்தை அல்ல, ராத்திரி தூங்கினாயா என்று.

இதெல்லாம் பிறகு நடந்தவை. அந்த வெள்ளிக்கிழமை மேடையிலிருந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உம்மா பார்வையாளர் ரூமில் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணைக் கழுவிக்கொண்டுகூடப் போகவில்லை. கழுவி என்ன பிரயோஜனம்? வாப்பாவும் வந்திருந்தார். இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறார், என் தலையைத் தடவிவிட்டு, உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒதுங்கி நின்றார்.

"அழுதியே?" என்றாள் உம்மா.

"அழுதேன்."

"ஊரு பூராம் கேக்க அழுதே."

"ஆமாம்மா."

"அழுவ வந்ததுன்னு பேச்ச நிறுத்துனியா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"இல்லம்மா. முழுசும் பேசிட்டுத்தான் எறங்குனேன்."

உம்மா கொண்டுவந்த பையை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"பொறவு என்ன? இங்கனயே இருந்து ஓது."